இருபத்தொன்பது அடி குறைகிறது

எல்லாம் அந்த அம்மாவால் வந்தது. இந்த வீதியில் விளக்கு எரியவில்லை என்றால் அவர்தான் காரணம். சாக்கடை வழிகிறது என்றால் அவர்தான் காரணம். முப்பத்தொரு கட்டடக்காரர்கள் கூடி இழுத்த தேர் நடுவீதியில் நிற்கிறது என்றால், சக்கரத்துக்கு முன்னால் கட்டையைப் போட்டவர் அவர்தான். ஒரு கையெழுத்து, மேஸ்திரி! பேனாவைத் திறந்து ஒரு கோடு இழுத்தால் ஆச்சு. நாற்பது நாளாக இழுக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறார்.

மெதுவாகப் பேசவா? எதற்கு? எதிரேதான் இருக்கிறார், கேட்கட்டும். அதோ மூலையில் மருந்துக்கடை தெரிகிறதா, அந்தக் கட்டடம் முழுக்க அவருடையது. கல்லாவில் உட்கார்ந்து பேப்பரை மடித்து விசிறிக்கொண்டிருக்கிறாரே, அவர்தான். பேர் சொல்ல மாட்டேன். நாற்பது நாளாக அந்தப் பேரை வாயில் எடுப்பதில்லை என்று ஒரு வைராக்கியம்.

மெஷினைக் கீழே வையுங்க முதலில். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் கரண்டை நிறுத்தினார்கள், ரெண்டு மணிக்குத்தான் வரும். உங்கள் மெஷின் கரண்ட் இல்லாமல் ஓடாது, என் வாய் ஓடும். உட்காருங்க. அந்தப் படியிலேயே உட்காருங்க, மூணாவது படி, அங்கேதான் நிழல். குளுகுளு என்று இருக்கிறதா? கிருஷ்ணகிரிக் கருங்கல். முகம் பார்த்துத் தலை சீவலாம். மொத்தம் ஐந்து படி. இதை உடைக்கத்தான் உங்களை உசிலம்பட்டியிலிருந்து வரச் சொன்னேன். உடைப்பதா வேண்டாமா என்று நான் இன்னும் முடிவு பண்ணவில்லை, அது வேறு விஷயம். பயப்படாதீங்க, உடைத்தாலும் உடைக்காவிட்டாலும் உங்கள் கூலி வந்துவிடும். நீங்க ஆயிரத்து எண்ணூறு சொன்னீங்க, நான் ஆயிரத்து நானூறில் முடித்தேன். அதற்குக் கீழே கேட்க மாட்டேன். சீனிச்சாமிக்கு வாக்கு ஒன்றுதான்.

என்னைத் தெரியாதா உங்களுக்கு? பதினாலு வயதில் மாட்டுச் சந்தையில் தரகு பார்க்க ஆரம்பித்தவன். பள்ளிக்கூடம் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை. துண்டுக்கு அடியில் கையைப் போட்டு, விலை பேச விரலைப் பிடித்தால், எதிராளி வீட்டில் இன்றைக்கு அடுப்பு எரிந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவேன். அப்புறம் இந்த வீதிக்கு வந்து பிளாஸ்டிக் வாளி, கப்பு விற்றேன். எங்கே உட்கார்ந்து தெரியுமா? நீங்க உட்கார்ந்திருக்கிற படிக்கு நேர் கீழே. அப்போது படி கிடையாது, வெறும் மண். ஒரு சாக்கு விரித்திருப்பேன். அன்றைக்கு இந்தக் கட்டடத்துக்குச் சொந்தக்காரர் ஒருத்தர் இருந்தார். தினமும் காலையில் வாசல் தெளிக்கிற சாக்கில் ஒரு வாளித் தண்ணீரை என் சாக்கின் மேல் ஊற்றுவார். ஒரு நாள் தவற மாட்டார். நான் விற்கிற வாளியை வைத்து என் மேலேயே ஊற்றுகிறாரே என்று அழுகை வரும்.

பதினெட்டு வருஷம். அந்தக் கட்டடத்தை நான் வாங்கினேன். வாங்கி முதல் காரியமாக என்ன செய்தேன்? என் சாக்கு கிடந்த இடத்தில் கல்லை அடுக்கினேன். நாலடி வெளியே வந்திருக்கும், ஆமாம், வீதிக்குள் நாலடி. வந்தால் என்ன? அது நான் உட்கார்ந்த இடம். இனி எந்தப் பயலும் அங்கே தண்ணீர் ஊற்ற முடியாது பாருங்க.

அந்தக் காலத்திலும் இந்த அம்மா இதே கடையில் இதே கல்லாவில்தான். இப்போதுதான் இப்படி என்று நினைக்காதீங்க, அப்போதே அப்படித்தான். ராத்திரிக்கு என் வாளி மூட்டையை அவர் கடைப் பின்கட்டில் வைத்துக்கொள்ள விடுவார். நாலு வருஷம் வைத்திருந்தேன். ஒரு நாள் மாதம் பத்து ரூபாய் வாடகை என்று நீட்டினேன். அவர் பதினைந்து கேட்டால் பன்னிரண்டுக்கு முடிக்கலாம் என்று மனதில் கணக்கு வைத்திருந்தேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "போ சீனி, போய் வியாபாரத்தப் பாரு." அவ்வளவுதான். ஒரு மனுசனைப் பேரம் பேசக்கூட விடாத ஆள், மேஸ்திரி. திமிரா இல்லையா?

சரி, சங்கத்துக் கதைக்கு வருகிறேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் பைபாஸில் ஒரு வணிக வளாகம் வந்தது. ஏசி, நகரும் படிக்கட்டு, நூறு கார் நிறுத்த இடம். பெண்களுக்குக் கழிப்பறை ரெண்டு, அதற்குள் ஆளுயரக் கண்ணாடி. போன தீபாவளிக்கு இந்த வீதியில் ஈ ஓட்டினோம். என் கட்டடத்தில் மேலே லாட்ஜ், கீழே மூணு கடை. ரெண்டு கடை காலியாகி, 'வாடகைக்கு விடப்படும்' அட்டையே வெயிலில் வெளுத்துப்போச்சு. மிச்சம் இருப்பது ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிற பெண் ஒருத்திதான். அவளும் வந்து நின்றாள். "ஐயா, அடுத்த மாசத்தோட நான் பைபாஸுக்குப் போறேன். இங்க வர்ற பொம்பளைங்க ஒதுங்கக்கூட இடமில்லைங்கறாங்க. என் கடையில நிக்கிற மூணு புள்ளைங்க காலையிலருந்து தண்ணியே குடிக்கிறதில்ல." ஏம்மா தண்ணி குடிக்கலை, நான் கேன் வாங்கித் தரவா என்று கேட்டேன். என் வீட்டுக்காரி தவமணி பக்கத்தில் நின்றவள் தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம்தான் விளங்கியது.

நகராட்சிக்குப் போனோம். நானும் காதர் மீரானும். மீரான் யார் என்றால், ஜவுளிக்கடை ராவுத்தர். நான் அவனுக்கு மாமா, அவன் எனக்கு மாப்பிள்ளை, நாற்பது வருஷத்துப் பழக்கம். ஆணையர் அம்மா சின்ன வயசு, நல்ல மாதிரி. அவர் சொன்னார்: "நகராட்சி செய்யற வேலைய நகராட்சி செய்யும். அதுக்கு மேல வேணும்னா, கட்டட உரிமையாளர்கள் நீங்களே ஒரு சங்கம் பதிவு பண்ணுங்க. கட்டட முகப்பு எத்தனை அடியோ, அடிக்கு இவ்வளவுன்னு மாசாமாசம் போட்டு, விளக்கு, கழிப்பறை, வாய்க்கால், வண்டி நிறுத்தம் எல்லாம் நீங்களே பாருங்க. இடமும் அனுமதியும் நான் தர்றேன். ஆனா வீதியோட மொத்த முகப்புல முக்கால்வாசி சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்கணும்."

மொத்த முகப்பு எண்ணூறு அடி. முக்கால்வாசி என்றால் அறுநூறு. கேட்பதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

வெளியே வந்ததும் மீரான் சொன்னான், "மாமா, எல்லாருக்கும் ஒரே ரேட்டு வச்சு ஒரு நோட்டீஸ் அடிப்போம்."

"நீ 'ஒரே விலை'ன்னு போர்டு மாட்டி யாவாரம் பண்றவன் மாப்ள. சேலைக்கு ஒரே விலை சரி. மனுசனுக்கு ஒத்துவராது. என்கிட்ட விடு."

"என்ன பண்ணப் போறீங்க?"

"துண்டு போடப் போறேன்."

அவன் வேண்டாம் வேண்டாம் என்றான். யார் கேட்டது? மறுநாளே தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டடமாக ஏறினேன். வாயால் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், பக்கத்துக் கடைக்காரன் காதில் விழும் என்று பயம். துண்டுக்குள் கை போய்விட்டால் மனுசன் குணமே வேறு. இரும்புக்கடைக்காரர் முதலில் என் கையைத் தட்டிவிட்டார். "என்னய்யா, நான் என்ன மாடா?" "மாடு இல்லண்ணே, உங்க கிட்ட மட்டும் ஒரு விலை பேச வந்திருக்கேன், வெளிய தெரியக்கூடாது." உடனே கை உள்ளே வந்துவிட்டது. ஓட்டல்காரர் அடிக்கு முப்பது ரூபாய்க்கு ஒத்துக்கொண்டார், முப்பது என்பதே பெரிய சலுகை என்று நினைத்துக்கொண்டு. இரும்புக்கடைக்காரர் விரலைக் கிடுக்கி மாதிரிப் பிடித்துப் பன்னிரண்டுக்கு இறக்கிவிட்டார். பழைய கை, விடுமா? பதினைந்து நாளில் வீதியை முடித்தேன். ஒவ்வொருத்தரும் நமக்குத்தான் விலை குறைவு என்று அடுத்தவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு திரிந்தார்கள். இந்த வீதியில் இவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை.

அந்த அம்மா கடைக்கும் போனேன். கல்லாவின் மேல் துண்டை விரித்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் துண்டையே பார்த்தார். "சீனி, இத எடு. மருந்து வைக்கிற எடம். எது பேசறதா இருந்தாலும் வாயால பேசு."

நாற்பது வருஷத் தொழிலை ஒரு நிமிஷத்தில் மூட்டை கட்டச் சொன்னால் எப்படி இருக்கும்? நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன்.

முதல் கூட்டத்தைக் கல்யாண மண்டபத்தில் வைத்தோம். பாயசத்தோடு சாப்பாடு. வந்தவர்களில் அந்த அம்மாவைத் தவிர எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. அப்போது இந்த மீரான் எழுந்து மைக்கைப் பிடித்தான். பதிவுக்குப் பட்டியல் கொடுக்க வேண்டுமாம், அதைச் சபையில் வாசிக்க வேண்டுமாம், சட்டமாம். வாசிக்க ஆரம்பித்துவிட்டான், மேஸ்திரி! "ஓட்டல் கட்டடம், நாற்பத்தி நாலு அடி, அடிக்கு முப்பது. இரும்புக்கடைக் கட்டடம், முப்பத்தெட்டு அடி, அடிக்குப் பன்னிரண்டு..."

ஓட்டல்காரர் பாயசக் கிண்ணத்தோடு எழுந்தார். "ஏய் சீனி! எனக்கு மட்டும்னு சொன்னியேய்யா!"

"உங்களுக்கு மட்டும்தாண்ணே முப்பது. வேற யாருக்கும் முப்பது கிடையாது."

நாற்காலிகள் கவிழ்ந்தன. யாரோ ஒருத்தர் கத்தினார், "அவரு ரேட்டு என்னன்னு கேளுங்கப்பா!" மீரான் பட்டியலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மெதுவாக வாசித்தான். "மாமா... நாற்பத்தோரு அடி. அடிக்கு எட்டு."

"எட்டா! யாரோட கை போட்டுப் பேசினே?"

"என் கூடவேதான். வலது கை பதினாறு கேட்டுச்சு, இடது கை எட்டுல நின்னுச்சு. இதுல என்ன தப்பு? பதினஞ்சு நாள் படி ஏறி இறங்கினவன் யாரு?"

நீங்களும் சிரிக்கிறீங்க. சிரிங்க. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. சங்கம் அங்கேயே உடைந்து போயிருக்கும். அப்போதுதான் அந்த அம்மா எழுந்தார். மைக் கேட்கவில்லை, நின்ற இடத்திலேயே பேசினார். "எல்லாருக்கும் இருபது. பெரிய கடைக்கும் இருபது, சின்னக் கடைக்கும் இருபது. துண்டு கிண்டு எல்லாம் வேணாம். நாளைக்கு டேப் எடுத்துட்டு வீதியில எல்லாரும் பார்க்க அளப்போம்." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மண்டபமே கை தட்டியது. தட்டினவர்களில் பாதிப் பேர் இருபதுக்கு மேல் ஒத்துக்கொண்டவர்கள், லாபத்தில் தட்டினார்கள். மீதிப் பேர் இருபதுக்குக் கீழே இறக்கினவர்கள், வெட்கத்தில் தட்டினார்கள். நான் பதினைந்து நாள் உழுது போட்ட நிலத்தில் அவர் ஒரு நிமிஷத்தில் விதைத்துவிட்டுப் பேர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சரி, போகட்டும் என்று விட்டேன். எனக்குப் பெரிய மனசு.

மறுநாள் டேப் வந்தது. வீதியே திருவிழா மாதிரி. அவர் ஒரு முனையைப் பிடித்தார், மீரான் மறு முனை. எல்லாரும் கட்டடத்தின் அகலத்தை அளக்கிறார்கள். என் கட்டடம் வந்தது, நாற்பத்தோரு அடி, சரியாக இருந்தது. நகர வேண்டியதுதானே? நகரவில்லை. டேப்பைத் திருப்பிப் பிடித்து, கதவிலிருந்து வீதியை நோக்கி இழுத்தார். "நாலடி. வாய்க்கால் மூடி எங்க இருக்கு சீனி?"

"இருக்கும், எங்கயாவது."

"உன் ரெண்டாவது படிக்கு அடியில இருக்கு. பதிமூணு வருசமா அதத் தொறந்து அள்ள முடியல. மழை பேஞ்சா தண்ணி எங்க போகுது தெரியுமா? ரோட்டத் தாண்டி என் கடைக்குள்ள. முழங்கால் அளவு. போன ஐப்பசியில நாலு பெட்டி குளுக்கோஸ் பாட்டில் மிதந்துச்சு."

"அது மழை செஞ்ச வேலைம்மா. நானா ஊத்தினேன்?"

ஏன் மேஸ்திரி, வாயைப் பொத்துறீங்க? என்ன? ஒன்றுமில்லையா? சரி.

அன்றைக்குச் சொன்னவர்தான். "படி எடுக்கற அன்னிக்கு நான் கையெழுத்துப் போடறேன். வாய்க்காலத் தொறக்க முடியாத சங்கம் வீதிய எப்படிப் பார்க்கும்?" அவ்வளவுதான் பேச்சு. மறு பேச்சு இல்லை.

கணக்கைப் பாருங்க. இதுவரை சம்மதம் ஐந்நூற்று எழுபத்தோரு அடி. அண்ணன் தம்பி கோர்ட்டில் அடித்துக்கொள்கிற கட்டடம் தொண்ணூறு அடி, அது கையெழுத்துப் போட முடியாது. சிங்கப்பூர்க்காரர் கட்டடம் எழுபத்தேழு அடி, அவர் போனையே எடுப்பதில்லை. மிச்சம் அந்த அம்மாவுடையது அறுபத்திரண்டு அடி. அறுநூறுக்கு எனக்கு இருபத்தொன்பது அடி குறைகிறது. இருபத்தொன்பதே அடி! அவரிடம் அறுபத்திரண்டு இருக்கிறது, பாதியைக் கொடுத்தால்கூடப் போதும். அதையும் கேட்டுப் பார்த்தேன். "கட்டடத்துல பாதிக்கு எப்படிக் கையெழுத்துப் போடறது சீனி?" என்கிறார். மனமிருந்தால் வழியா இல்லை?

நான் என்னென்ன கொடுத்துப் பார்த்தேன் என்கிறீங்க! அஞ்சு படியில் ரெண்டை எடுக்கிறேன் என்றேன். வேண்டாம். என் பங்கை அடிக்கு நாற்பதாக்கிக்கொள்கிறேன் என்றேன். வேண்டாம். தண்ணீர் வந்தால் இறைத்துக்கொள்ள ஒரு மோட்டார் பம்பு வாங்கி அனுப்பினேன். புத்தம் புதுசு, ஒண்ணரைக் குதிரை, மேலே 'சீனிச்சாமி அன்பளிப்பு' என்று சிவப்புப் பெயிண்டில் எழுதி. திருப்பி அனுப்பினார். அதுவும் ஆட்டோக் கூலியை அவரே கொடுத்து! அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திருப்பி அனுப்புகிறவர் கூலியை என் தலையில் கட்டினால் ஒரு சண்டையாவது போட்டிருப்பேன்.

தவமணியைத் தூது அனுப்பினேன். போனவள் ரெண்டு மணி நேரம் கழித்து வந்தாள், முட்டுவலி மாத்திரையும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு.

"என்னடி சொல்லுது அந்த அம்மா?"

"ரசம் நல்லா இருந்துச்சு."

"கையெழுத்து என்னாச்சுன்னு கேக்கறேன்."

"நான் என்னத்தக் கேட்க? அவங்க சொல்றதுல என்ன தப்பு இருக்கு? படியில ஏறி எறங்கி எனக்கே முட்டு போச்சு. அஞ்சு படி கட்டி அரமனையா கட்டிட்டீரு?"

என் வீட்டிலேயே கட்சி மாறிவிட்டது. எதிரியிடம் சாப்பாடு வேறு.

சரி என்று நானும் இறங்கி வந்தேன். நான் இறங்குகிற ஆள் இல்லை, இருந்தும் இறங்கினேன். மீரானிடம் சொல்லி அனுப்பினேன்: "போடச் சொல்லு, உடைக்கிறேன்." பதில் வந்தது: "உடைக்கச் சொல்லு, போடறேன்." நான் மறுபடி: "முதல்ல போடட்டும்." அவர் மறுபடி: "முதல்ல உடைக்கட்டும்." இப்படி நாற்பது நாள். மீரான் இந்த ரோட்டைக் குறுக்கே கடந்தே மூணு கிலோ இளைத்துவிட்டான். நேற்று வந்து அழாத குறை. "மாமா, நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பட்டியல் ஆபீசுக்குப் போகணும். நாளான்னிக்கு நகர்மன்றக் கூட்டம். விட்டா அடுத்தது ஆறு மாசம் கழிச்சுத்தான். அதுக்குள்ள ஃபேன்சி ஸ்டோர் போயிரும், என் கடையும் போயிரும்." ஃபேன்சி ஸ்டோர்ப் பெண்ணும் காலையில் வந்தாள். சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

அதனால்தான் உங்களுக்குப் போன் போட்டேன். உடைக்க இல்லை. மெஷினை அந்த அம்மா கண்ணில் காட்ட. வாசலில் மெஷினைப் பார்த்தால் இறங்கி வந்து கையெழுத்துப் போட்டுவிடுவார், அப்புறம் உங்களை டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று கணக்கு. சந்தையில் இது உண்டு. ரூபாய்க் கட்டை எடுத்து லேசாகக் காட்டிவிட்டு மடியில் திரும்பச் செருகுவோம். பார்த்தவன் இறங்குவான்.

இறங்கினாரா? ஒண்ணரை மணி நேரமாக உங்கள் மெஷினைப் பார்க்கிறார், மறுபடி பேப்பரைப் பார்க்கிறார். நெற்றியில் கண்ணாடி இருக்கிறது, அதைத் தேடிக்கொண்டு வேறு இருக்கிறார்.

டீயைக் குடிங்க, ஆறிப்போகும். நான் ஒன்று கேட்கிறேன், நீங்க நாலு ஊர் பார்த்தவர், ஞாயத்தைச் சொல்லுங்க. ஒரு வியாபாரம் என்றால் அச்சாரம் யார் கொடுக்கணும்? வாங்குகிறவன்தானே? மாட்டை விற்கிறவன் முன்பணம் கொடுத்து எங்கேயாவது பார்த்திருக்கீங்களா? இல்லை அல்லவா! வாங்குகிறவன் மடியிலிருந்துதான் முதலில் ஏதாவது இறங்கணும். அதுதான் சந்தை வழக்கம், என் மாமன் சொல்லிக்கொடுத்தது. அப்போது அந்த அம்மாதானே முதலில்...

என்ன கேட்டீங்க?

சங்கம் யாருக்கு வேணும் என்றா?

எனக்குத்தான். இதென்ன கேள்வி. ரெண்டு கடை காலி, மூணாவது போகப் போகிறது. அவருக்கென்ன, மருந்துக்கடை. வீதி நாறினாலும் வியாதிக்காரன் வந்துதான் ஆகணும், நாறினால் இன்னும் ரெண்டு பேர் கூட வருவார்கள். அவருக்குச் சங்கம் இல்லாமலே நடக்கும். வேண்டியது எனக்கு. எனக்குத்தான் வேண்டும்...

கொஞ்சம் இருங்க.

அப்படியென்றால் வாங்குகிறவன் நானா?

அட, இவனே! நாற்பது நாளாக நான் விற்கிறவன் என்றல்லவா நின்றுகொண்டிருந்தேன்! என் கையில் மாடே இல்லை, மேஸ்திரி. மாடு அங்கே அந்தக் கல்லாவுக்குப் பக்கத்தில் கட்டிக் கிடக்கிறது, அறுபத்திரண்டு அடி நீளத்தில். நான் வெறும் கையை வீசிக்கொண்டு அச்சாரம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்! சந்தையில் எவனாவது பார்த்திருந்தால் காறித் துப்பியிருப்பான். இதை அந்த மீரானாவது எடுத்துச் சொல்லியிருக்கக் கூடாதா? அவன் 'ஒரே விலை'க்காரன், அவனுக்கு எங்கே அச்சாரம் தெரியப்போகிறது. அந்த அம்மாவாவது சொல்லியிருக்கலாம், 'சீனி, நீதான்டா வாங்குறவன்' என்று. சொல்லவில்லை பாருங்க. அதுதான் அவர் செய்த தப்பு. முழுக்க அவர் தப்பு.

அதோ, மினுக்குகிறது! வந்துவிட்டது கரண்ட். ஓட்டலில் கிரைண்டர் ஓடுகிறது, கேட்கிறதா? மணி என்ன? ரெண்டு இருபதா? எழுந்திருங்க, டீ போகட்டும். ஒயரை என் லாட்ஜ் பிளக்கில் மாட்டுங்க.

எங்கிருந்து ஆரம்பிக்கவா? கீழ்ப் படியிலிருந்து. ஒன்றுதான் முதலில். அச்சாரம் என்றால் அச்சாரம் அளவுக்குத்தான் கொடுக்கணும், முழுக் கிரயத்தையும் தூக்கிக் கொடுக்கிறவன் யாவாரியா? கொஞ்சம் இருங்க, துடைத்துக்கொள்கிறேன். இல்லை, தூசி. மெஷின் இன்னும் ஓடவில்லையா? ஓடாவிட்டாலும் தூசி தூசிதான். உங்கள் வேலையைப் பாருங்க. அடிங்க!

...

நிறுத்துங்க! நிறுத்துங்க மேஸ்திரி, ஒரு நிமிஷம், நான் பேசுவது ரோட்டைத் தாண்டணும்.

ஏம்மா! ஓய் அம்மா! பேப்பரைக் கீழ வைங்க! கீழ்ப் படி போச்சு, பார்த்தீங்களா? மீதி நாலும் இன்னும் ரெண்டு மணி நேரத்துல போயிரும். துண்டு இல்லம்மா, பாருங்க, கை ரெண்டும் வெளியதான் இருக்கு. நடுவீதியில நின்னு வாயால சொல்றேன், முப்பது கடைக்காரன் சாட்சி. எனக்கும் இருபது ரூபாதான், அதுல ஒரு காசு குறைச்சுக் கேக்க மாட்டேன். வர்ற ஐப்பசிக்கு உங்க கடையில சொட்டுத் தண்ணி வந்தா நான் வந்து இறைக்கிறேன், அந்த மோட்டாரு சும்மாதான் கிடக்கு. டேய் மாப்ள மீரான், ஃபாரத்தோட அங்கயே நில்லு, நகராத! அம்மா, அச்சாரம் குடுத்தாச்சு. நாப்பது நாளா வீதிய நிறுத்தி வச்சீங்க, அந்தத் தப்ப இனியாவது நேர் பண்ணுங்க. கண்ணாடி நெத்தியில இருக்கு, கீழ இறக்குங்க. பேனாவத் தொறங்கம்மா! அஞ்சு மணிக்கு ஆபீஸ் சாத்திருவான்!